பட்டுப் பிரிவில் ஒரு தாடி

செப்டம்பர் 4, வெள்ளி

இந்த நோட்டு யார் கையில் கிடைத்திருந்தாலும், தயவுசெய்து அப்படியே மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். மூட மனம் வரவில்லையென்றால் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டாம். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். அட்டையில் ‘சமூக அறிவியல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், யாரும் ஆசைப்பட்டு எடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில். அதையும் மீறி நீங்கள் எடுத்திருக்கிறீர்கள் என்றால் என் விதி அவ்வளவுதான்.

என் பெயர் ஆவுடைச்செல்வி. ஒன்பதாம் வகுப்பு. வீடு பாளையங்கோட்டை. எனக்கு மீசை முளைக்கிறது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் பியூலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பியூலா என் தோழி. மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவள்.

“ஏட்டி, வெயில்ல பாத்தா ஒனக்கு மீசை தெரியுதுட்டி. பூனை மாதிரி.”

“பூனைன்னா அழகாத்தானே இருக்கும்?”

“ஆம்பளப் பூனை மாதிரி.”

அதற்குப் பிறகு தயிர்சாதம் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் குளியலறை அலமாரியில் அப்பாவின் புது ரேசர் பிரிக்காத பெட்டியோடு இருந்தது. கடையில் எல்லோருக்கும் கொடுத்தார்களாம். அப்பா ஜங்ஷன் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் இருக்கிறார். சேலையை மடிப்போடு காட்டினால் அதன் அழகு தெரியாது. அதனால் அப்பா தன் சட்டைக்கு மேலேயே கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டு, லேசாகத் திரும்பி நிற்பார். திருநெல்வேலியில் பாதிக் கல்யாணப் பெண்கள், அப்பா கட்டி நின்றதைப் பார்த்துத்தான் முகூர்த்தச் சேலை எடுத்திருக்கிறார்கள் என்று அம்மா சொல்வாள். பெருமையாகச் சொல்கிறாளா கேலியாகச் சொல்கிறாளா என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை.

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் மேனேஜர் பால்வண்ணன் சார் போட்ட முதல் உத்தரவு, சேலை கட்டிக் காட்டுகிறவர்கள் முகத்தில் ஒரு முடிகூட இருக்கக் கூடாது என்பதுதான். அதற்காகத்தான் இந்த ஐந்து பிளேடு ரேசர்.

பெட்டியைப் பிரித்தேன். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை நகம்கூட வெட்ட மாட்டோம். தண்ணீரும் தொடவில்லை, சோப்பும் போடவில்லை. அழுத்திப் பிடித்து, உதட்டிலிருந்து மூக்குப் பக்கமாக ஒரே இழுப்பு.

ரத்தம் வந்ததும் அம்மாவும் வந்துவிட்டாள்.

“என்னட்டி அது?”

“காம்பஸ் குத்திட்டும்மா.”

“மூக்குக்குக் கீழ என்னட்டி வட்டம் போட்ட?”

செப்டம்பர் 5, சனி

அப்பா இன்று ஷேவ் செய்யவில்லை. அப்பா ஷேவ் செய்யாமல் கடைக்குப் போய் நான் பார்த்ததே இல்லை.

செப்டம்பர் 6, ஞாயிறு

இன்றும் இல்லை. ரேசரைக் கழுவிப் பெட்டிக்குள் வைத்துப் பசை போட்டு ஒட்டினேன். கோணலாக ஒட்டிக்கொண்டது. பார்த்தால் யாரோ திறந்து ஒட்டியதைப் போலவே இருக்கிறது. யாரோ திறந்து ஒட்டியதுதானே.

செப்டம்பர் 9, புதன்

காலையில் அப்பா அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கன்னத்தைத் தடவினார். பெருமூச்சு விட்டார். பிறகு அதை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தெரிந்துவிட்டது. யாரோ தொட்ட ரேசர் என்று தெரிந்துவிட்டது. அப்பா எச்சில் தம்ளரில்கூடக் குடிக்க மாட்டார். என்னைத் திட்டவும் மனமில்லாமல், ரேசரைத் தொடவும் மனமில்லாமல் தாடியோடு போகிறார்.

என் மீசை விஷயத்தில் மட்டும் ஒரு நல்ல செய்தி. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த விளக்கத்தாள் கிடைத்தது. படம் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். நான் செய்தது எல்லாமே தப்பு. முதலில் வெந்நீரில் முகத்தை நன்றாக நனைக்க வேண்டும். முடி ஊறினால் மெத்தென்று ஆகிவிடும். நுரை போட வேண்டும். ரேசரை அழுத்தவே கூடாது. அதன் தலை தானாக அசைந்து முகத்தின் மேடு பள்ளத்துக்கு வளைந்து கொடுக்கும், நம் கை சும்மா கூடப் போனால் போதும். முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே, சின்னச் சின்ன இழுப்பாக இழுக்க வேண்டும். ஓர் இழுப்புக்கு ஒருமுறை தண்ணீரில் அலச வேண்டும், இல்லாவிட்டால் பிளேடுகளுக்கு நடுவில் முடி அடைத்துக்கொள்ளும்.

இடது முழங்கையில் செய்து பார்த்தேன். வலிக்கவே இல்லை. கை பட்டுப் பிரிவு மாதிரி ஆகிவிட்டது. சந்தோஷத்தில் பாதிக் கையையும் முடித்துவிட்டேன். இப்போது ஒரு கை எனக்குச் சொந்தமானது போலவும் இன்னொரு கை யாரிடமோ கடன் வாங்கியது போலவும் இருக்கிறது. நாளைக்கு முழுக்கை ஸ்வெட்டர் போட வேண்டும். பாளையங்கோட்டை வெயிலில்.

செப்டம்பர் 12, சனி

உதட்டுக்கு மேலே வெற்றி! மேல் உதட்டைப் பல்லின் மேல் இறுக்கி மடித்துக்கொண்டால் தோல் விறைப்பாக நிற்கும். மேலிருந்து கீழே மூன்று சின்ன இழுப்பு. காயமே இல்லை.

சனிக்கிழமையும் பள்ளி இருந்ததால் உடனே பியூலாவிடம் காட்டினேன். “வழிச்சியா? போச்சுட்டி! இனிமே குதிரை வால் மாதிரி வளரும்” என்றாள். அறிவியல் ஆசிரியையிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். வழித்தால் முடி தடிக்காது, நுனி மழுங்கியிருப்பதால் தடித்தது போலத் தெரியும், அவ்வளவுதான் என்றார். “யாருக்குமா இந்தச் சந்தேகம்?” என்றும் கேட்டார். பொதுவாகக் கேட்டேன் என்றேன்.

ஆனால் அப்பாவின் தாடி நன்றாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. அதனால் இன்று துணிந்து ரேசருக்குப் புதுத் தலை வாங்கப் போனேன். கைப்பிடி அதேதான், தலையை மட்டும் கழற்றி மாட்டலாம். புதுத் தலை என்றால் யாரும் தொடாதது. அப்பா நிம்மதியாக ஷேவ் செய்வார்.

கடைக்காரர் கேட்டார், “யாருக்கு பாப்பா?”

“மாமாவுக்கு.”

“மாமா வச்சிருக்கது எந்த ரேசரு?”

“நீலம்.”

“நீலத்துலயே நாப்பது இருக்கு. மாமாவ வரச் சொல்லு.”

கடைசியில் ஒன்றைக் குத்துமதிப்பாக வாங்கிவந்தேன். மாட்டினேன். மாட்டவில்லை. அழுத்தினேன். டப்பென்று தெறித்து வாளிக்குள் விழுந்தது. பழைய தலையையே சோப்பு போட்டு அலசி, உதறி, நிழலில் காய வைத்தேன். துண்டால் துடைக்கக் கூடாது, பிளேடு மழுங்கும் என்று தாளில் இருக்கிறது.

செப்டம்பர் 20, ஞாயிறு

திருச்செந்தூர் போனோம். அப்பா கடலில் குளிக்கவில்லை!

என் அப்பாவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பயங்கரம் என்று புரியும். ஒவ்வொரு முறையும் கடலைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு ஓடுகிறவர். இன்று அலை கணுக்காலைத் தொட்டதும் பின்னால் நகர்ந்துவிட்டார். கரையிலிருக்கும் நாழிக்கிணற்றில் மட்டும் குளித்தார்.

“ஏன்ப்பா, தண்ணி குளிருதா?”

“நீ போய்க் குளி பிள்ள. நான் பைய பாத்துக்கிடுதேன்.”

பையை அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். ஒன்று முடிந்ததும் அப்பா போய் இன்னொன்று வாங்கிவந்தார். பித்தத்துக்கு நல்லதாம். அம்மாவுக்குக் கொஞ்ச நாளாகப் பித்தம்.

வாழ்க்கை வெறுத்துப் போனவர்தான் கடலைப் பார்த்து ஒதுங்குவார் என்று நினைக்கிறேன். இவ்வளவும் ஒரு ரேசரால்.

செப்டம்பர் 26, சனி

எதிர்வீட்டு நல்லகண்ணு சார் தவறிவிட்டார். எண்பத்தேழு வயது. கொட்டும் வேட்டுமாகக் கல்யாணச் சாவுதான். அப்பா மாலை வாங்கிப் போட்டார், நாற்காலி எடுத்துக் கொடுத்தார். ஆனால் எடுத்துக்கொண்டு போனபோது தெருமுனையிலேயே நின்று திரும்பிவிட்டார். எந்தச் சாவுக்கும் கடைசிவரை போகாமல் வந்தவர் இல்லை.

தாடியோடு நாலு பேர் முகத்தில் விழிக்க வெட்கமாகிவிட்டது போல. எனக்கு அழுகை வந்தது. நல்லகண்ணு சாருக்காக அழுகிறேன் என்று நினைத்து அவர் மருமகள் எனக்குக் காபி கொடுத்தாள்.

அக்டோபர் 3, சனி

இன்று அப்பாவோடு வேலை செய்யும் மரியதாஸ் மாமா வீட்டுக்கு வந்தார். கடையில் பில் போடுகிறவர். நான் என் அறையில் இருந்தேன். என் அறை என்றால் அரிசி டிரம்மும் தையல் மெஷினும் இருக்கும் சின்ன அறைதான், ஆனால் கதவு இருக்கிறது. கதவில் காது வைத்தால் கூடம் முழுவதும் கேட்கும்.

“வே நயினாரு, இன்னைக்கும் அந்த மேனேஜர் மனுசன் என்னையப் பிடிச்சுக் கேக்காரு. ‘தாடிக்காரன் பட்டுக் கட்டிக் காட்டினா எந்தப் பொண்ணுய்யா எடுக்கும்?’ங்காரு.”

“ஒம்ம வாயில இருந்து என்ன வந்துச்சு?”

“புரட்டாசி, பெருமாளுக்கு விரதம்னு சொல்லி வச்சிருக்கேன். புரட்டாசி முடிஞ்சா என்னவே செய்வீரு?”

அப்பா காபி தம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது.

“ஐப்பசி ஒண்ணாந்தேதி முகூர்த்தப் பட்டு விற்பனை ஆரம்பிக்குது. அன்னைக்கு வழிச்ச மூஞ்சியோட வரலைன்னா குடோன்ல மூட்டை பிரிக்கத்தான்னு சொல்லிட்டாரு. நானும் சொல்லிப் பாத்துட்டேன். வழிச்சுத் தொலையும்வே!”

“வழிக்க முடியாது மரியதாஸு.”

“ஏன்?”

“முடியாது.”

அவ்வளவுதான் அப்பா சொன்னார். அப்பா குடோனில் மூட்டை பிரிப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மூட்டைக்கு யார் முந்தானை போட்டுக் காட்டுவார்கள்?

அக்டோபர் 9, வெள்ளி

இன்றைக்கு நான் உலகத்திலேயே பெரிய முட்டாள் என்று தெரிந்துகொண்டேன். பியூலாதான் தெரிவித்தாள்.

தாங்க முடியாமல் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். ரேசர், தாடி, கடல், நல்லகண்ணு சார், குடோன் எல்லாம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். எனக்காக அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

“ஏட்டி லூசு! உங்க அம்மா முழுகாம இருக்காங்கட்டி!”

“என்னட்டி சொல்லுத?”

“எங்க பக்கத்து வீட்டு அண்ணன் இப்படித்தான் இருந்தாரு. புள்ள பொறக்க வரைக்கும் தாடி, கடல் கெடையாது, மலை ஏறது கெடையாது, சாவுக்குப் போறது கெடையாது. வீட்டுக்காரி மாசமா இருந்தா புருசன் இதெல்லாம் செய்யக் கூடாதாம். அம்மா மாங்கா திங்காங்க, பித்தம்ங்காங்க, ஒனக்கு மண்டையில ஒண்ணுமே ஓடலையாட்டி?”

என் மண்டையில் ரேசர் மட்டும்தான் ஓடியது.

வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் போய் நின்றேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வயிற்றையே பார்த்தேன். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“யாரு சொன்னா?”

“பியூலா.”

“அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும்.” அம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. முப்பத்தொன்பது வயதில், பெண் ஒன்பதாவது படிக்கும்போது என்று என்னென்னவோ சொன்னாள். பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். எனக்குப் பிறகு இரண்டு முறை தங்காமல் போனதாம். ஒன்று எனக்கு நினைவே இல்லை. இன்னொன்று நான் மூன்றாவது படித்தபோது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி என்னை மாமா வீட்டில் விட்டார்களே, அப்போது.

“அப்ப ஒங்க அத்தை கல்யாணம் வந்துச்சு. தாடியோட மணவறைல நிக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்கன்னு ஒங்கப்பா வழிச்சாரு. மறுவாரம் இப்படி ஆயிட்டு. வழிச்சதுனாலதான்னு அந்த மனுசன் மனசுல விழுந்துட்டு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு நானும் சொல்லியாச்சு, டாக்டரம்மாவும் சொல்லியாச்சு. இந்தத் தடவை அஞ்சாம் மாசம் பொறந்த அன்னைக்கே ரேசரத் தூக்கி வச்சிட்டாரு.”

“அப்ப மேனேஜர்ட்ட சொல்ல வேண்டியதுதானம்மா?”

“ஏழாம் மாசம் வளைகாப்பு போடுத வரைக்கும் வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு நான்தான்ட்டி சொன்னேன்.” அம்மா குரல் மெலிந்துவிட்டது. “ரெண்டு தடவை ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, அப்புறம் ஊருக்கெல்லாம் பதில் சொன்னேன். இன்னொரு தடவை என்னால முடியாது. நீ யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

பண்ணிவிட்டேன்.

அப்பா தாடி வளர்ப்பது என்னால் இல்லை. இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. ஆனால் ஐப்பசி மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

அக்டோபர் 10, சனி

அம்மா மாங்காயில் எனக்கும் பாதி கொடுத்தாள்.

அக்டோபர் 14, புதன்

சாப்பிடும்போது அம்மா அப்பாவிடம் சண்டை போட்டாள். நான் இருப்பதை மறந்துவிட்டார்கள், அல்லது எனக்குத் தெரியும் என்று அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது.

“குடோன்ல தூசிக்குள்ள போய் நிக்கப் போறீகளா? ஒங்களுக்கு இருமல் வந்தா யாரு பாக்கது? நான் சொல்லுதேன், வழிச்சிருங்க.”

“குடோனும் நம்ம கடைதானே கனி.”

“மேனேஜர்ட்ட சொல்லட்டுமான்னும் கேக்க மாட்டேங்கீக.”

“நீ சொல்ல வேண்டாம்னுட்ட. அப்புறம் என்ன கேக்க?”

அம்மா ரசத்தை ஊற்றினாள், தேவைக்கு அதிகமாக.

முடிக்கும் குழந்தைக்கும் என்ன தொடர்பு என்று அறிவியல் தேர்வில் கேட்டால், ‘தொடர்பு இல்லை’ என்று எழுதி முழு மதிப்பெண் வாங்குவேன். அப்பாவிடம் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் தாடியில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. “அப்பா, தாடியில சோறு” என்று மட்டும் சொன்னேன்.

எவ்வளவு ஷேவ் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டேன்! இந்த வீட்டில் அதற்குத் தேவையுள்ள ஒரே முகத்துக்கு அது உதவவில்லை.

அக்டோபர் 16, வெள்ளி

நாளைக்குக் கடைக்குப் போய் மேனேஜரைப் பார்க்கப் போகிறேன். பியூலாவும் வருகிறாள். சத்தியத்தை மீற மாட்டேன். பியூலா ஒரு பொய் தயார் செய்து கொடுத்திருக்கிறாள்: அப்பாவுக்கு ஷேவ் செய்தால் தோல் புண்ணாகும், டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பத்து முறை சொல்லிப் பார்த்தேன். ஒன்பது முறை ‘தோல்’ என்று சொல்லும்போதே வாய் உலர்ந்துவிட்டது.

அக்டோபர் 17, சனி

இப்போது என்ன எழுதினாலும் கோணல்மாணலாகத்தான் வரும். அப்பா இன்னும் வரவில்லை. அவர் வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

அப்பா சாப்பிடக் கீழே போகிற நேரம் பார்த்துப் போனோம். பியூலா படிக்கட்டில் காவல். மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் நான் மட்டும். அவர் பில்லைப் பார்த்துக்கொண்டே மர ஸ்கேலால் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். பளபளவென்று வழித்த முகம். கழுத்து மட்டும் சிவந்து, கொப்புளம் கொப்புளமாக, அதன்மேல் பவுடர்.

“யாரு பாப்பா நீ?”

“நயினார் மகள் சார். பட்டுப் பிரிவு.” ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்: “அப்பாவுக்கு ஷேவ் செஞ்சா தோல் புண்ணாகும் சார், டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க சார்.”

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். “எனக்கு மட்டும் புண்ணாகலையா? இங்க பாரு. தினம் எரியுது. நான் வழிச்சிட்டு வரலையா? கடைன்னா அப்படித்தான்.”

இதோடு முடிந்தது, வெளியே போகலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தக் கழுத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகப் பேச ஆரம்பித்துவிட்டது.

“சார், நீங்க கழுத்துல கீழ இருந்து மேல இழுக்கீங்களா?”

“ஆமா. எல்லாரும் அப்படித்தானே.”

“அழுத்தி?”

“அழுத்தாம எப்படிப் போகும்?”

“அதான் சார். அஞ்சு பிளேடு இருக்குல்லா, முதல் பிளேடு முடியைத் தூக்கிப் பிடிக்கும், பின்னால வாரது வெட்டும். நீங்க அழுத்தி எதிர்ப்பக்கம் இழுத்தா தோலுக்கு உள்ள வரைக்கும் போய் வெட்டிரும். அப்புறம் முடி வளரும்போது வெளிய வர வழி தெரியாம உள்ளயே சுருண்டுக்கிடும். அந்தக் கொப்புளம்தான் இது.”

அவர் என்னையே பார்த்தார். ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

“வெல்வெட்டுத் துணியை ஒரு பக்கம் தடவினா வழுவழுன்னு இருக்கும், மறுபக்கம் தடவினா சொரசொரக்கும்லா சார்? தாடியும் அப்படித்தான். தடவிப் பாத்து, வழுவழுன்னு போற பக்கமா மட்டும் இழுக்கணும்.”

பால்வண்ணன் சார் கழுத்தைத் தடவினார். ஜவுளிக்காரர் விரல் அல்லவா, உடனே தெரிந்துவிட்டது. “அட! இது மேலயும் போகலை கீழயும் போகலை, காதுப் பக்கமால்ல படுத்திருக்கு!” கண்ணாடிக் கதவில் முகத்தைப் பார்த்து மறுபடி தடவினார். “இருபது வருசமா இதைக் கேக்காம இருந்திருக்கேன். யாரு சொல்லிக் குடுத்தா?”

“பெட்டிக்குள்ள தாள் இருந்துச்சு சார்.”

“அதை யாரும் படிப்பாங்களா!” என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். “இவ்வளவு தெரிஞ்ச பிள்ள, உங்க அப்பாவுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியதுதானே? தோல் புண்ணாகாதுல்ல?”

மாட்டிக்கொண்டேன். என் பொய்யை நானே வெட்டிவிட்டேன்.

“அப்பா வழிக்க மாட்டாங்க சார். தை மாசம் கழியணும்.”

“தை மாசமா? ஏன், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறாரா?”

“இல்ல சார். அப்பா இப்ப மலை ஏற மாட்டாங்க.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். மேனேஜர் முகம் மெதுவாக மாறியது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“கடல்ல குளிப்பாரா?”

“மாட்டாங்க.”

“சாவுக்குப் போவாரா?”

“தெருமுனை வரைக்கும்.”

அவர் கொஞ்ச நேரம் மேசையில் விரலால் தாளம் போட்டார். “உங்க அம்மா சௌக்கியமா?”

“பித்தம் சார்.”

“நீ எதுவும் சொல்லலை.”

“நான் எதுவும் சொல்லலை சார்.”

“நானும் எதுவும் கேக்கலை.” அவர் முகத்தில் சிரிப்பு வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போனை எடுத்தார். “நயினார் சாப்பிட்டு முடிச்சதும் மேல வரச் சொல்லு” என்றார். அதைக் கேட்டதும் நான் ஓடிவந்துவிட்டேன். பியூலா படிக்கட்டில் எனக்கு முன்னால் ஓடினாள், எதற்கு ஓடுகிறோம் என்றுகூடக் கேட்காமல்.

நான் சத்தியத்தை மீறினேனா இல்லையா? ‘மாசம்’ என்ற சொல்லை அந்த அர்த்தத்தில் சொல்லவே இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கடை முழுக்கச் சொல்லிவிட்டால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? நாளைக்கு ஐப்பசி ஒன்று. அப்பா பட்டுக்குப் போவாரா குடோனுக்குப் போவாரா?

பைக் சத்தம். அப்பாதான்.

செருப்பைக் கழற்றுகிறார். அம்மா தண்ணீர் கொடுக்கிறாள். அப்பா மெதுவாகப் பேசுகிறார். கதவில் காது வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

“...யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்னு அவரே சொல்லுதாரு கனி...”

அம்மா ஏதோ கேட்கிறாள்.

“...தாடியோடயே கட்டிக் காட்டும்வேங்காரு. எந்தப் பொண்ணாவது கேட்டா, மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னு சொல்லிக்கிடலாமாம்...”

அம்மா சிரிக்கிறாள்! வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல். இவ்வளவு சத்தமாக அம்மா சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

காலடிச் சத்தம் இந்தப் பக்கம் வருகிறது. விளக்கை அணைக்கலாமா? அணைத்தால் எழுத முடியாது. கதவைத் தட்டுகிறார்.

“ஏட்டி ஆவுடை, முழிச்சுத்தான் இருக்கன்னு தெரியும். மேனேஜர் ஒன்ட்ட ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு. ஒனக்குத் தம்பி வேணுமா, தங்கச்சி வேணுமா?”

அம்மாவும் வந்துவிட்டாள், மறுபடி தட்டுகிறார்கள், நான் என்ன பதில் சொல்